கிறிஸ்துவுக்கு முன் இறந்தோர்

சிலுவையில் மரித்த கிறிஸ்து உயிர்த்தெழுமுன் பாதாளத்தில் இறங்கினார் என்று விசுவாசப் பிரமாணம் சொல்கிறது. அவர் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர்களின் கதி பற்றிய கிறிஸ்தவ நம்பிக்கை இந்த அறிக்கையைச் சுற்றியே வளர்ந்தது. கொழும்பின் கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கரின் புனித லூசியா பேராலயமும், நடந்து போகும் தூரத்தில் ஒல்லாந்தர் கட்டிய வுல்வெண்டால் தேவாலயமும் இருக்கின்றன. இரண்டின் மரபுக்கும் பிரமாணம் ஒன்றுதான். பொருள் கொண்ட விதம் வேறு.

காவலில் கிடந்த ஆவிகளுக்குக் கிறிஸ்து அறிவித்ததாக பேதுருவின் முதல் நிருபம் (3:19) கூறுகிறது. அந்த அறிவிப்பு யூதரல்லாத நீதிமான்களையும் எட்டியது என்றார் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து. அகுஸ்தீன் அவ்வளவு தாராளம் காட்டவில்லை. கீழைத் திருச்சபையின் உயிர்ப்புப் படங்களில் பாதாளக் கதவுகள் பெயர்ந்து சிலுவை வடிவில் கிடக்க, பூட்டுகளும் சாவிகளும் சிதறியிருக்க, கிறிஸ்து ஆதாமின் மணிக்கட்டைப் பற்றித் தூக்குகிறார். மேற்கிலோ, ஆபிரகாம் முதலான பிதாக்கள் காத்திருந்த இடம் லிம்போ எனப்பட்டது.

வேற்றுச் சமயத்திலிருந்து வந்தவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வியல்ல, சொந்த அப்பன் பாட்டனைப் பற்றிய கேள்வி. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணிசெய்து, பின்னர் ஜப்பானுக்கும் சென்ற பிரான்சிஸ் சவேரியார், 1552 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் ஜப்பானியக் கிறிஸ்தவர்களின் அழுகையைப் பதிந்திருக்கிறார். நரகத்திலிருந்து முன்னோருக்கு மீட்சியில்லை என்று அவரே அவர்களுக்குச் சொன்னார். அவர்கள் அழுததைக் கண்டு தாமும் மனம் நொந்தார். இந்த விடயத்தின் வரலாற்றில் இதைவிட நெஞ்சைச் சுடும் ஆவணம் அரிது. அந்தப் பரதவர் வழிவந்த குடும்பங்கள் பல பின்னாளில் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பக்கம் குடியேறின.

1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர் கல்வினிய சமயத்தைக் கொண்டுவந்தனர். வுல்வெண்டாலில் வழிபாடு தொடங்கியது 1757இல். அவர்களது ஹைடல்பெர்க் மறைக்கல்வி நூல் (1563), பாதாளத்தில் இறங்குதலைச் சிலுவையில் கிறிஸ்து அடைந்த கடும் வேதனையாகவே விளக்கியது. பிதாக்களை மீட்கச் சென்ற பயணம் அந்த விளக்கத்தில் இல்லை.

கத்தோலிக்கத் திருச்சபையில் பெரிய மாற்றம் 1964இல் வந்தது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமலிருந்து, கடவுளை நேர்மையாகத் தேடுவோரும் மீட்படையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. சவேரியார் முன் அழுதவர்களுக்கு நாலு நூற்றாண்டு பிந்திக் கிடைத்த பதில் இதுவென்றே கொள்ளலாம். ஆனால் 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல் ஓர் எல்லை வைத்திருக்கிறது: கிறிஸ்து இறங்கியது தமக்கு முன் சென்ற நீதிமான்களை விடுவிக்கவே, நரகத்தை அழிக்கவோ, தண்டனைத் தீர்ப்புப் பெற்றோரை மீட்கவோ அல்ல.