இறைசால்

இறைசால் (ரிக்ஸ்டாலர்) என்பது ஒல்லாந்தர் ஆண்ட இலங்கைக் கரையோரத்தில் வழங்கி, பிரித்தானியர் ஆட்சியில் 1825 வரை நீடித்த நாணய அலகு. ஓர் இறைசாலுக்கு 12 பணம், 48 ஸ்டைவர்.

ஒல்லாந்தர் காலத்தில் இறைசால் பெரும்பாலும் கணக்கேட்டில்தான் இருந்தது. மக்கள் கையில் புழங்கியது செம்புக் காசு. நான்காம் ஆங்கில–ஒல்லாந்தப் போரில் (1780–84) ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல் வரத்துச் சீர்குலைந்தது. திருகோணமலையின் உள்துறைமுகத்துக்காக வல்லரசுகள் மோதிக்கொண்ட காலம் அது: 1782 சனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்தனர், ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அதைப் பறித்துக்கொண்டார். காசு வறண்ட நிலையில் 1785இல் கம்பனி கடன்சீட்டுகளை வெளியிட்டது. கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய ஊர்களில் தடித்த செம்பு ஸ்டைவர்களும் அடிக்கப்பட்டன. கம்பனி முத்திரைக்கு மேலே ஊர்ப்பெயரின் முதல் எழுத்து இருக்கும். வடிவம் கரடுமுரடுதான், ஆனாலும் திருகோணமலையின் முதல் எழுத்தைப் பொறித்த காசுகள் அந்த ஊர் வரலாற்றின் அரிய சான்றுகள்.

1795 ஆகஸ்டில் திருகோணமலையும் 1796 பெப்ரவரியில் கொழும்பும் பிரித்தானியர் வசமாயின. ஆட்சி மாறியும் கணக்கு மாறவில்லை. யானை உருவம் பொறித்த புதிய செம்பு, வெள்ளிக் காசுகளும் இறைசாலையும் ஸ்டைவரையும் தழுவியே வந்தன. வெள்ளி போதாமல் தாள் பெருகியதால் இறைசாலின் மதிப்பு இறங்கியது. ‘ஒரு ரிக்ஸ்டாலர்’ என்று பெயரிட்டு, நான்காம் ஜோர்ஜின் தலையும் யானையும் பொறித்த வெள்ளிக் காசு 1821ஆம் ஆண்டிட்டு வந்தது. அதற்குள் அலகின் ஆயுளே முடியும் தறுவாயில் இருந்தது. 1825இல் ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்தில் ஸ்டெர்லிங் நாணயம் நடைமுறைக்கு வந்தது. இறைசால் ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என நிர்ணயிக்கப்பட்டது. ஒரு பவுணுக்கு பதின்மூன்றே கால் இறைசாலுக்குச் சற்று அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த மாற்றுவீதத்தில் ஒரு பணத்தின் பெறுமதி ஒன்றரை பென்ஸ். 1834 முதல் லண்டனில் அடித்து இலங்கைக்கும் ஜமைக்காவுக்கும் அனுப்பிய ஒன்றரை பென்ஸ் வெள்ளிக் காசு அதற்கு இணையானது. 1828இல் இலங்கைக்கென அடித்த அரை ஃபார்திங்கில் மூன்று சேர்ந்தால் ஒரு ஸ்டைவர். அரசு இறைசாலை நீக்கியது; சந்தை விடவில்லை, நாணயச் சாலை அதற்கு இணங்கிப் போயிற்று என்றும் இக்காசுகளை வாசிக்கலாம்.

1872 சனவரி 1 முதல் நூறு சதம் கொண்ட ரூபாவே இலங்கையின் கணக்கு நாணயமானது.