தற்சார்பின் இரு பொருள்கள்: பாளையங்கோட்டைத் தொழிற்கல்வியும் பட அட்டவணையும்

தூத்துக்குடி 1986 அக்டோபர் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்ததால், அது அமைந்துள்ள முத்துக்குளித்துறைக் கரையின் சிறப்புக் கல்வி வரலாற்றை அம்மாவட்டத்துப் பாளையங்கோட்டையிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது. அங்கு 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் புளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் காதுகேளாதோருக்கும் கல்விப் பணியைத் தொடங்கினர். எழுத்தறிவோடு கைத்தொழிலும் கற்பித்த அத்தகைய பள்ளிகளின் நோக்கில், பிறர் கையை எதிர்பாராமல் பிழைப்பதே தற்சார்பு. ஆனால் பல் துலக்கியபின் அடுத்து என்ன செய்வது என்பதையே ஒவ்வொரு முறையும் பிறர் சொல்ல வேண்டிய நிலையிலுள்ள பிள்ளைக்கு அந்த இலக்கணம் பொருந்தவில்லை.

அந்தக் குறையை நிரப்ப வந்தவற்றுள் ஒன்று பட அட்டவணை; அதாவது, அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்தி, முடிந்ததைப் பிள்ளையே எடுத்துவிட்டு அடுத்த படத்துக்குச் செல்லும் ஏற்பாடு. படத்தை அறிய இயலாத பிள்ளைக்குப் பொருளே படமாகும். தட்டு வைத்திருந்தால் சாப்பாட்டு வேளை. அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்லர் உருவாக்கி, 1972இல் மாநிலம் முழுவதற்குமான திட்டமாக விரிந்த ‘டீச்’ முறை, மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பட அட்டவணையைப் பரவலாக்கியது.

அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் மதியிறுக்கமுள்ள நான்கு சிறுவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 1993இல் வெளிவந்த ஆய்வே பட அட்டவணை செயல்படும் விதத்தை நன்கு விளக்குகிறது. பயிற்றுநர் வாயால் ஏவாமல், பின்னால் நின்று பிள்ளையின் கையைப் பிடித்துப் படத்தையும் பொருளையும் தொடச் செய்தார். பிறகு பிடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி விலகினார். படங்களின் வரிசையை மாற்றியபோதும், புதிய படங்களைச் சேர்த்தபோதும் சிறுவர்கள் தொடர்ந்து செயல்பட்டனர். எனவே, அட்டவணையைச் சுவரில் மாட்டிவிட்டு, ஆசிரியர் பக்கத்திலேயே நின்று “அடுத்தது என்ன?” என்று கேட்டுக்கொண்டிருந்தால், அது வெறும் அலங்காரமே; தற்சார்பைத் தருவது படத்தைவிட ஆசிரியரின் விலகலே எனலாம்.

இந்தியச் சட்டம் மதியிறுக்கமுள்ள பிள்ளைகளைத் தாமதமாகவே கண்டுகொண்டது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் மதியிறுக்கம் இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைத் தன் வரம்பில் சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 மாற்றுத்திறன் வகைகளுள் ஒன்றாக ஏற்றது. ஏட்டில் இடம் கிடைத்ததாலேயே வகுப்பறை மாறிவிடாது. வெளிநாட்டு அட்டைத் தொகுப்பிலுள்ள குளியல் தொட்டி, வாளியும் செம்பும் கொண்டு குளிக்கும் தூத்துக்குடிப் பிள்ளைக்கு எதையும் உணர்த்தாது. அப்பிள்ளையின் வீட்டு வாளியைப் படம்பிடித்து ஒட்டிய அட்டையே அங்கே பயன்படும்.