வினையூக்கி

வினையூக்கி (பெயர்ச்சொல்): தான் செலவாகாமல் வேதிவினையின் வேகத்தைக் கூட்டும் பொருள். வினை + ஊக்கி. ‘ஊக்கு’ என்பது வேர். குறளின் ‘ஊக்கமுடைமை’ அதிகாரத்திலும் இதே வேர்தான். ‘வினைவேக மாற்றி’ என்றும் பாடநூல்களில் வழங்கியதுண்டு; இலங்கையில் ‘ஊக்கி’. இதற்கு இணையான ‘கேட்டலிஸிஸ்’ என்ற சொல்லை 1835இல் ஸ்வீடனின் பெர்சீலியஸ் கிரேக்கத்திலிருந்து அமைத்தார். அங்கே பொருள் ‘தளர்த்துதல்’. தமிழில் அது முடுக்கிவிடுதல்.

தொப்பூர் கணவாயில் மூச்சிரைக்க ஏறும் பி.எஸ்-6 (இந்திய வாகனப் புகை விதி) டீசல் லாரிகளின் புகைக்குழாயில் வினையூக்கி இருக்கிறது. தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியின் துளைச்சுவர்களில் பிளாட்டினமும் பல்லேடியமும் நுண்துகள்களாகப் படிந்திருக்கும். நச்சான கார்பன் மோனாக்சைடு அங்கே கார்பன் டை ஆக்சைடாக மாறிவிடும்.

ஹைட்ரஜன் எரிபொருள் மின்கலத்தில் ஆக்சிஜன் நீராகும் வினை மிக மந்தமானது. பிளாட்டினத்தோடு கோபால்ட் கலந்த நானோ துகள்கள் அதை விரைவுபடுத்தும். விலையுயர்ந்த பிளாட்டினமும் குறைவாகவே போதும். டொயோட்டாவின் மிராய் கார் இவ்வகையைப் பயன்படுத்துகிறது.

தொடர்புடைய சொல்: வினையூக்கி நஞ்சு, அதாவது வினையூக்கியைச் செயலிழக்கச் செய்வது. கந்தகம் அப்படிப்பட்டது. பி.எஸ்-6 டீசலில் அது 10 பி.பி.எம்-ஐத் தாண்டக்கூடாது.