அக்ரா: எறும்பின் பெயர் தாங்கிய தலைநகர்

மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் தலைநகர் அக்ரா, கினி வளைகுடாக் கரையில் இருக்கிறது. ஆக்கான் மொழியில் எறும்பைக் குறிக்கும் 'இன்க்ரான்' என்ற சொல்லே ஐரோப்பியர் நாவில் திரிந்து 'அக்ரா' ஆனது. ஆக்கான் மொழி பேசுவோர் இன்றும் நகரை இன்க்ரான் என்றே அழைக்கிறார்கள். ஆனால் இது ஆக்கான் மக்களின் ஊர் அல்ல. இதன் பூர்வகுடிகளான கா இனத்தவர் தம்மையும் தம் மொழியையும் ஊரையும் 'கா' என்ற ஒரே சொல்லால் குறிப்பவர்கள். நாட்டின் பெயரான கானாவுக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவில்லை.

எறும்பின் பெயர் ஏன் வந்தது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் வழங்குகின்றன. கிழக்கிலிருந்து வந்த கா மக்கள் சாரை சாரையாக இந்தச் சமவெளியில் இறங்கியதைக் கண்டு, அக்கம்பக்கத்தார் அவர்களை எறும்புக் கூட்டத்துக்கு ஒப்பிட்டார்கள் என்பது ஒன்று. ஊரைச் சுற்றி மண்டிக் கிடந்த எறும்புப் புற்றுகளே காரணம் என்பது மற்றொன்று. கா மொழியிலும் ஒருவகைக் கறுப்பு எறும்புக்குக் 'காகா' என்று பெயர். இனப்பெயரே அதிலிருந்து வந்தது என்று கொண்டால், இன்க்ரான் என்பது அந்தப் பெயரின் ஆக்கான் மொழிபெயர்ப்பு ஆகிறது.

கா அரசின் தலைநகரம் தொடக்கத்தில் கடற்கரையில் இல்லை. அது உள்நாட்டில் அயவாசோ என்னும் குன்றுப் பகுதியில் இருந்தது. ஐரோப்பியர் அதைப் 'பெரிய அக்ரா' என்றும், கடலோரக் குடியிருப்பைச் 'சின்ன அக்ரா' என்றும் குறித்தனர். தங்கமும் அடிமைகளும் கைமாறிய அந்தக் கரையில் 17-ஆம் நூற்றாண்டில் மூன்று கோட்டைகள் எழுந்தன. டச்சுக்காரர் 1649-இல் கிரெவ்கூர் கோட்டையையும், டேனியர் 1661-இல் கிறிஸ்டியன்ஸ்போர்க்கையும், ஆங்கிலேயர் 1673-இல் ஜேம்ஸ் கோட்டையையும் கட்டத் தொடங்கினர். 1677-இல் அக்வாமு என்ற ஆக்கான் அரசு பெரிய அக்ராவை அழித்தது. கா மன்னர் ஒகாய் கோய் மாண்டார். கா மக்களில் ஒரு பகுதியினர் கிழக்கே இன்றைய டோகோவின் அனேஹோ வரை சென்று குடியேறினர். அதன்பின் கோட்டைகளின் நிழலில் வளர்ந்த கடலோர ஊரே அக்ரா என்றாயிற்று.

சில கிலோமீட்டர் தூரத்துக்குள் டச்சு அக்ரா, ஆங்கில அக்ரா, டேனிய அக்ரா என மூன்று அக்ராக்கள் இருந்தன. கா மக்களும் தம் பங்குக்குப் பெயர் வைத்தனர். ஆங்கிலேயர் கோட்டையை ஒட்டிய பகுதி அவர்கள் வாயில் 'இங்லேஷி' ஆனது. ஆங்கிலேயரைக் குறிக்கும் கா சொல் அது. வந்தவர் ஊரின் பெயரைத் திரித்தார்கள். ஊரார் வந்தவரின் பெயரைத் திரித்தார்கள்.

மூன்று அக்ராக்களும் 19-ஆம் நூற்றாண்டில் ஒரே கைக்குப் போயின. டேனியர் 1850-இல் தம் கோட்டைகளை 10,000 பவுனுக்கு பிரிட்டனிடம் விற்றனர். 1868-இல் டச்சுக்காரருடன் நடந்த கோட்டைப் பரிமாற்றத்தில் கிரெவ்கூரும் பிரிட்டனிடம் வந்து, நிர்வாகி ஹெர்பர்ட் டெய்லர் அஷரின் பெயரால் அஷர் கோட்டை ஆனது. 1877-இல் கோல்ட் கோஸ்ட் குடியேற்றத்தின் தலைநகர் கேப் கோஸ்டிலிருந்து இங்கே மாற்றப்பட்டது. மழை குறைந்த அக்ரா சமவெளி உடல்நலத்துக்கு ஏற்றது என்று ஆட்சியாளர் கருதியது அதற்கு ஒரு காரணம்.

அயலார் ஆட்சியிலும் கா மரபு ஊரை விட்டுப் போகவில்லை. ஆண்டுதோறும் நடக்கும் ஹோமோவோ விழாவின் பெயருக்குப் 'பசியை எள்ளி நகையாடுதல்' என்று பொருள். அதற்கு முன் சில வாரங்கள் ஊரில் பறை முழங்கத் தடை உண்டு. வெளியூர்களில் இருப்பவர்கள் விழாவை ஒட்டிய வியாழக்கிழமை மூட்டை முடிச்சுகளோடு வந்து சேர்வார்கள். புளிக்கவைத்த மக்காச்சோள மாவை வேகவைத்துப் பனை எண்ணெய் சேர்த்துப் பிசைந்த 'க்போக்போய்' என்ற உணவைத் தலைவர்கள் முன்னோருக்காகத் தெருவில் தூவுவார்கள். பிறகு வீடுகளில் அதைப் பனங்கொட்டைச் சாற்றோடும் மீனோடும் உண்பார்கள்.

1957 மார்ச் 6 அன்று விடுதலை பெற்றபோது கோல்ட் கோஸ்ட் என்ற பெயர் நீங்கியது. வடமேற்கே வெகு தொலைவில் இருந்த ஒரு பழம்பேரரசின் பெயரை ஏற்று நாடு கானா ஆனது. தலைநகரின் பெயர் மட்டும் மாறவில்லை. உலகுக்கு அது அக்ரா, ஆக்கான் மக்களுக்கு இன்க்ரான், ஊருக்கு உரியவர்களுக்குக் கா.