சேர்வராயன் மலை இல்லங்களில் இணைய நேரம்: அளவையின் வரலாறும் இடத்தின் சிக்கலும்

முன்னுரை

ஓர் இல்லத்தில் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் இணையத்தில் செலவாகிறது என்பது சமூக ஆய்வுகளில் இன்று வழக்கமாக எழுப்பப்படும் வினா. இவ்வினா இரண்டு கருதுகோள்களை உள்ளடக்கியது. இணையம் வீட்டுக்குள் வந்து சேர்கிறது என்பது ஒன்று. அங்குச் செலவாகும் நேரத்தைத் தனியே பிரித்தறிய இயலும் என்பது மற்றொன்று. சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையை முன்வைத்து நோக்கின், இவ்விரண்டும் மறு ஆய்வுக்குரியவை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மணிக்கணக்கும் தரவுக்கணக்கும்

1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களே அதன் முதல் மையங்கள். தொலைபேசி வழியே இணையும் அம்முறையில் இணையம் மணிக்கணக்கில் விற்கப்பட்டது. இணைப்பு நீடிக்கும் வரை தொலைபேசிக் கட்டணமும் உடன் ஏறியது. அவ்வேளையில் வீட்டுக்கு வேறு அழைப்பு வர இயலவில்லை. எனவே, வீட்டில் செலவான இணைய நேரம் குடும்பத்தார் அனைவரும் அறிந்த, பணத்தால் எண்ணப்பட்ட நேரமாக இருந்தது.

2004ஆம் ஆண்டின் அகண்ட அலைவரிசைக் கொள்கை, நொடிக்குக் குறைந்தது 256 கிலோபிட் வேகமுடைய, எப்போதும் இணைந்திருக்கும் இணைப்பை அகண்ட அலைவரிசை என வரையறுத்தது. 2016 செப்டம்பர் 5இல் ஜியோ சேவை தொடங்கிய பின், ‘நாளொன்றுக்கு இத்தனை ஜிபி’ என்னும் கணக்கு பரவலாயிற்று. கட்டணச் சீட்டிலிருந்து மணி மறைந்து, தரவின் அளவு அவ்விடத்தைப் பெற்றது.

இம்மாற்றம் எல்லா வீடுகளிலும் படிப்படியாக நிகழவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இணைய வசதியுள்ள கணினி வைத்திருந்த இந்திய வீடுகள் 3.1 விழுக்காடு, ஊரகத்தில் அது 0.7 விழுக்காடு மட்டுமே. ஊரக வீடுகளில் மிகப் பெரும்பாலானவை மணிக்கணக்குக் காலத்தை அறியாமலே கைப்பேசிக் காலத்துக்குள் நுழைந்தன என்பது இதனால் பெறப்படும்.

மலையும் அலையும்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்குக் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். தோட்ட மாளிகைகளும், 1917இல் தொடங்கப்பட்ட மான்ஃபோர்ட் பள்ளி போன்ற கல்வி நிலையங்களும், பின்னாளில் தங்கும் விடுதிகளும் ஏற்காட்டை நகராக வளர்த்தன. பழங்குடியினரான மலையாளிகள் வாழும் சிற்றூர்களோ நாகலூர், மாரமங்கலம், வாழவந்தி, செம்மநத்தம் எனச் சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் பரவிக் கிடக்கின்றன.

இவ்வமைப்பு வானலையின் இயல்போடு தொடர்புடையது. கைப்பேசிக் கோபுரத்துக்கும் கருவிக்கும் இடையே மலைமுகடு குறுக்கிடும்போது அலை வலுவிழக்கிறது. தாழ்ந்த அலைவரிசை முகட்டை ஓரளவு வளைந்து கடக்கும். மிகுந்த தரவைச் சுமக்கும் உயர் அலைவரிசைக்கு அத்திறன் குறைவு. ஆதலால், இத்தகைய நிலத்தில் மேட்டில் கிடைக்கும் இணையம் அருகிலுள்ள பள்ளத்து வீட்டில் கிடைக்காமல் போகலாம். 2021இல் அண்டை மாவட்டமான நாமக்கல்லின் மலையோர ஊர் ஒன்றில் மாணவர் ஆலமரத்தில் ஏறி அமர்ந்து இணைய வழிப் பாடம் கேட்ட செய்தி நாளிதழ்களில் வெளிவந்தது. அம்மாணவரின் இணைய நேரம் குறைவன்று; ஆனால் அது வீட்டு நேரமன்று. அலைவரம்புக்கு வெளியே உள்ள 24,680 ஊர்களுக்கு 4ஜி சேவை வழங்கும் திட்டத்துக்கு 2022 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தமை, இது ஒரு மலைக்கு மட்டும் உரிய சிக்கலன்று என்பதைக் காட்டுகிறது.

ஆய்வுப் படிவத்தின் எல்லைகள்

1998-99இல் ஆறு மாநிலங்களில் நிகழ்ந்த முன்னோடி நேரப் பயன்பாட்டு ஆய்வில் தமிழ்நாடும் இடம்பெற்றது. நாடு தழுவிய முதல் ஆய்வு 2019இல் நடைபெற்றது. அதில் ஒரு நாள் முப்பது நிமிடக் கூறுகளாகப் பகுக்கப்பட்டு, பத்து நிமிடமேனும் நீடித்த செயல்கள் பதிவாயின. அவ்வப்போது ஓரிரு நிமிடம் கைப்பேசியைப் பார்க்கும் வழக்கம் இவ்வலையில் சிக்குவதில்லை. மேலும், பாடம் கேட்டல் கல்வியிலும், உரையாடல் சமூக உறவிலும், காணொளி பார்த்தல் ஊடகப் பயன்பாட்டிலும் சேர்வதால் இணையம் தனி வகையாகத் திரள்வதில்லை.

பாலின வேறுபாடும் கருதத்தக்கது. ஊதியமற்ற வீட்டுப் பணியில் ஈடுபட்ட பெண்கள் அதற்கென நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதாக 2019 ஆய்வு கூறுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, எப்போதேனும் இணையத்தைப் பயன்படுத்திய இந்தியப் பெண்கள் 33.3 விழுக்காட்டினர், ஆண்கள் 57.1 விழுக்காட்டினர். வீட்டுக்கு ஒரு கைப்பேசி உள்ள இடத்தில் ‘வீட்டின் இணைய நேரம்’ என்பது உண்மையில் எவருடைய நேரம் என்பதும் வினவப்பட வேண்டும்.

முடிவுரை

வீட்டு இணைய நேரம் இயல்பாக அமைந்த அளவையன்று. கட்டண முறையில் பிறந்து, அதிலிருந்து மறைந்து, ஆய்வுப் படிவத்தில் மீண்டும் தோன்றிய அளவை அது. சேர்வராயன் மலையில் இதனை ஆராய்வோர் ‘எத்தனை மணி நேரம்’ என்பதற்கு முன் ‘எவ்விடத்தில்’, ‘எவர் கருவியில்’ என்னும் வினாக்களை எழுப்புதல் வேண்டும். அன்றேல், அலை எட்டாத வீடு இணையத்தில் நாட்டமற்ற வீடாகப் பதிவாகும். அப்பதிவின் அடிப்படையில் வகுக்கப்படும் திட்டம் அவ்வீட்டை மீண்டும் விட்டுவிடும்.