உக்கிராணமும் காசுக்காரரும்: இங்கிலாந்துத் திருச்சபையின் முதலீடுகள்

1. சிக்கல்

எளிய சகோதரனிடம் வட்டி வாங்காதே என்கிறது மோசேயின் சட்டம். தாலந்து உவமையின் எஜமானோ, பணத்தைப் புதைத்து வைத்த ஊழியனிடம், காசுக்காரரிடமாவது போட்டிருக்கலாமே என்று கடிந்துகொள்கிறார். நம் பிரசங்கங்களில் அடிபடும் 'உக்கிராணத்துவம்' என்ற சொல் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பார்க்கிறது: பணம் நமதல்ல, கணக்கு ஒப்புவிக்க வேண்டும். எவ்வளவு தூரம் நுணுகிக் கணக்குப் பார்ப்பது என்பதில்தான் சிக்கல்.

2. விலக்குப் பட்டியல்

பிறன் உடலையும் ஆத்துமாவையும் கெடுத்து ஈட்டும் பணம் கூடாது என்று ஜான் வெஸ்லி 1760இல் வெளியிட்ட பிரசங்கத்தில் வரம்பிட்டார். மது விற்பனையை அதில் சேர்த்தார். மது, புகையிலை, சூதாட்டம், ஆயுதம் என்று இன்றைய சபை நிதிகள் வைத்திருக்கும் பட்டியல் அதன் வழிவந்ததே. பட்டியல் போடுவது சுலபம். பணம் அதற்குள் அடங்கி நிற்பதில்லை.

3. வோங்கா

2013 ஜூலையில் கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி, வோங்கா என்ற குறுங்கடன் நிறுவனத்தைப் போட்டியிலேயே ஒழிப்போம், கடன் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் துணை நிற்போம் என்றார். வோங்கா விளம்பரப்படுத்திய ஆண்டு வட்டி 5,853 விழுக்காடு. மறுநாளே உண்மை வெளிவந்தது: திருச்சபையின் சொத்துகளை நிர்வகிக்கும் ஆணையர்களின் பணமும் வோங்காவில் இருந்தது. நேரடியாக அல்ல; ஒரு துணிகர முதலீட்டு நிதியின் வழியாக, சுமார் 75,000 பவுண்டு. கோடிக்கணக்கான பவுண்டு சொத்துக்கு முன் அது தூசு. அந்தத் தூசை உதற ஓர் ஆண்டாயிற்று, 2014 ஜூலை வரை. பலர் பணத்தைச் சேர்த்துப் பல நிறுவனங்களில் போடும் நிதியிலிருந்து ஒரு நிறுவனத்தை மட்டும் எளிதில் உருவி எடுக்க முடியாது.

4. பழைய கணக்கு

இதைவிடக் கனமானது 1704இல் ஏழைக் குருமாருக்காகத் தொடங்கிய 'ராணி ஆன் கொடை'. அந்த நிதி, அடிமைகளைக் கப்பலேற்றிய தென்கடல் கம்பெனியின் ஆண்டுப்பத்திரங்களில் பெருந்தொகை போட்டது. அவை உண்மையில் அரசுக் கடனே, அடிமை வணிகத்தில் பங்கல்ல என்று வாதிடும் வரலாற்றாளர்களும் உண்டு. அந்த வாதத்தில் சட்ட நுணுக்கம் இருக்கிறது. உக்கிராணக்காரனின் கணக்கில் அது தேறுமா என்பது எனக்குச் சந்தேகமே. அந்தக் கொடையின் வாரிசான ஆணையர்கள் தாங்களே ஆய்வு செய்து, 2023 ஜனவரியில் முழு அறிக்கையை வெளியிட்டு, 10 கோடி பவுண்டு ஒதுக்குவதாக அறிவித்தனர்.

5. விற்பதா, கேட்பதா

தீய நிறுவனத்தின் பங்கை விற்றால் கை சுத்தமாகும்; பங்கு வேறொருவர் கைக்குப் போகும். அமெரிக்காவின் எப்பிஸ்கோப்பல் சபை 1971இல் வேறு வழி பார்த்தது: பங்குதாரராக இருந்தபடியே, நிறவெறி ஆட்சியிலிருந்த தென்னாப்பிரிக்காவைவிட்டு வெளியேறும்படி ஜெனரல் மோட்டார்ஸிடம் தீர்மானம் கொடுத்தது. இங்கிலாந்துத் திருச்சபையும் எண்ணெய் நிறுவனங்களிடம் பல ஆண்டுகள் பேசிப் பார்த்தது. ஷெல், பிபி பங்குகளைவிட்டு விலகுவதாக 2023 ஜூனில் அறிவித்தது. கேட்டுப் பார்த்தபின் விற்பதே நேர்மையான வரிசை என்பது என் முடிவு. ஆனால் கேட்பதற்கு முதலில் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஊர் மியூச்சுவல் ஃபண்டுகளும் தம் பங்குப் பட்டியலை மாதந்தோறும் வெளியிடுகின்றன. நிஃப்டி 50 பங்குக் குறியீட்டைப் பின்பற்றும் நிதியில் பணம் போட்டிருக்கும் சபையார் அதைத் திறந்து பார்க்கட்டும்; சிகரெட் தயாரிக்கும் ஐடிசியும் அதில் இருக்கிறது.