வசூலும் வரலாறும்: 1959 மே மாதத்தின் இரு போர்ப்படங்கள்

கொருக்குப்பேட்டையில் நம் இலக்கிய வட்டம் கூடிய பத்தாண்டுகளில் கவிதையைப் பற்றி எழுந்த வாதங்களுக்குச் சற்றும் குறையாமல் திரைப்படத்தைப் பற்றியும் வாதங்கள் எழுந்துள்ளன. 2024 அக்டோபர் 31-இல் ‘அமரன்’ வெளிவந்து பெருவெற்றி பெற்றபோது, “இத்தனை மக்கள் பார்த்த படம் தரமற்றதாக இருக்க முடியுமா?” என ஒரு சாரார் கேட்டனர். “கூட்டம் சேர்ந்ததாலேயே தரம் வந்துவிடுமா?” என மறுசாரார் வினவினர். மேஜர் முகுந்த் வரதராஜனின் தியாகத்தை எவரும் மறுக்கவில்லை. படம் காஷ்மீர மக்களைக் காட்டிய விதத்தைப் பற்றி வெளியே எழுந்த மறுப்புகளும் கூட்டத்தில் பேசப்பட்டன. வாதம் முடிவின்றிக் கலைந்தது. அவ்வினாவுக்கு விடை தேட, நம் திரை வரலாற்றில் ஏறத்தாழ ஒரு சோதனைச்சாலையைப் போல் அமைந்துவிட்ட ஒரு மாதத்தைத் திரும்பிப் பார்ப்பது பயன்தரும்.

1959 மே 16-இல் பி. ஆர். பந்துலுவின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ தமிழகத்தில் வெளிவந்தது. மூன்றே நாள் கழித்து, மே 19-இல், கவிஞர் கண்ணதாசன் தயாரித்த ‘சிவகங்கைச் சீமை’ வெளிவந்தது. இரண்டும் கும்பினியாரை எதிர்த்த பாளையக்காரர் போரைப் பற்றியவை. ஒன்று கட்டபொம்மனையும் மற்றொன்று மருது சகோதரரையும் பாடின. எஸ். வரலட்சுமி இரண்டு படங்களிலும் நடித்தார். முன்னது வெள்ளிவிழாக் கண்டது. பின்னது அந்த வெற்றியின் அருகே கூட வரவில்லை.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் தரம் ஒன்றேதானா? காரணங்களை எண்ணிப் பார்ப்போம். கட்டபொம்மன் கதை திரைக்கு வரும் முன்னரே மேடையில் வேரூன்றிவிட்டது. சக்தி கிருஷ்ணசாமி எழுதிய நாடகத்தைச் சிவாஜி கணேசனின் குழு 1957 முதல் ஊர்தோறும் நடத்தி வந்தது. வசனங்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய பார்வையாளர் படம் வருமுன்பே உருவாகியிருந்தனர். அடுத்து, அது டெக்னிகலர் வண்ணத்தில் வந்தது. போர்க்காட்சிகளுக்கென ஜெய்ப்பூர் வரை சென்று படமெடுத்தனர். ‘சிவகங்கைச் சீமை’யோ கறுப்பு வெள்ளை. ஒரே வாரத்தில் ஒரே போரைப் பற்றிய இரு படங்கள் எதிர்ப்பட்டால், கையிலுள்ள காசுக்கு மக்கள் எதைத் தேர்வர் என்பதை ஊகிக்கப் பெரிய புலமை வேண்டுவதில்லை. மேடைப் பயிற்சியும் வண்ணமும் வெளியீட்டு நாளும் வசூலை ஆக்கும் காரணிகள். அவை தரத்துக்குத் துணை செய்யலாம், அவையே தரமாகிவிடா.

எடுத்துக்கொண்ட பொருளின் பெருமையாவது வெற்றியைத் தீர்மானித்ததா? அதுவும் இல்லை. 1799 செப்டம்பர் 5-இல் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். இரு மாதங்களுக்குள் முடிந்த போர் அது. ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பி, இடிந்த கோட்டையை மீண்டும் எழுப்பினார். மே 24 வரை அக்கோட்டை பணியவில்லை. அதன்பின் போர் மருதுபாண்டியரின் சீமைக்குப் பரவியது. ஜூன் மாதம் திருச்சிராப்பள்ளியில் சின்ன மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர் தூக்கிலேறினர். பரப்பிலும் காலத்திலும் பெரிய போரைச் சொன்ன படமே வசூலில் பின்தங்கியது.

இன்னொரு சான்றும் உண்டு. அதே பந்துலு, அதே சிவாஜி கணேசன், அதே இசையமைப்பாளர் ஜி. ராமநாதன் ஆகியோர் 1961-இல் ‘கப்பலோட்டிய தமிழ’னைத் தந்தனர். ம. பொ. சிவஞானத்தின் நூலைத் தழுவிய அப்படம் வசூலில் தோல்வியுற்றது. வசூலே தரமென்றால், இரண்டே ஆண்டுகளில் இக்கலைஞர்கள் தம் தொழிலை மறந்துவிட்டனர் எனக் கொள்ள வேண்டும். எவரும் அவ்வாறு கொள்ளார். சிறையினின்று மீண்ட வ. உ. சி. இதே சென்னையில், நமக்கு அண்மையிலுள்ள பெரம்பூர் முதலிய இடங்களில், வறுமையோடு வாழ்ந்தவர். அவரது செக்கிழுப்பில் போர்க்களத்தின் ஆரவாரம் இல்லை. வெற்றி முழக்கமும் இல்லை. கொட்டகையினின்று வெளிவருபவன் நெஞ்சில் பாரத்தோடு வருகிறான். அப்பாரத்துக்குக் கட்டணம் செலுத்த அன்று பலர் முன்வரவில்லை என்பதே உண்மை.

ஆயினும் எதிர்த்தரப்பில் ஒரு தவறு நேர்ந்துவிடக் கூடாது. ஓடாத படமெல்லாம் காவியம், ஓடியதெல்லாம் கூத்து என்பது கவிஞர்களாகிய நமக்கு இனிக்கும் வாதம். விற்காத நம் தொகுதிகளுக்கும் அது ஆறுதல் தரும். ஆனால் அது நேர்மையான வாதமன்று. கட்டபொம்மன் படத்தில் வெள்ளையத்தேவனைப் போருக்கு அனுப்ப மனமின்றி அவன் மனைவி கலங்கும் பகுதி, வீரத்துக்கு வீடு கொடுக்கும் விலையைக் காட்டுகிறது. சிவாஜி கணேசனின் நடிப்பு 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. நம் மொழி அறியாத நடுவர்களும் அதில் ஏதோ ஒன்றைக் கண்டனர். தண்டையார்பேட்டை அகஸ்தியா திரையரங்கில், 1967 முதல் 2020-இல் அது மூடப்படும் வரை, விசிலடித்த தொழிலாளிக்கு ரசனை இல்லையென்று சொல்ல நமக்கு என்ன உரிமை உண்டு?

அப்படியாயின் வசூல் எதைத்தான் காட்டுகிறது? ஒரு காலத்து மக்கள் எந்த நினைவை வேண்டினர் என்பதைக் காட்டுகிறது. அங்கேதான் இவ்வினாவின் உண்மையான கனம் உள்ளது. 1798-இல் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்தது வரலாறு. அங்கு அவர் பேசியதாக நாம் நம்பும் வசனம் நாடகாசிரியரின் படைப்பு. இன்று வசனமே வரலாறாக நிற்கிறது. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். ஆனால் துரோகத்துக்கு வழங்கும் பெயர் ‘எட்டப்பன்’. அப்பழிச்சொல்லை ஊர்தோறும் நிலைநாட்டியதில் படத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பாரதி பிறந்த எட்டயபுரத்தின் மேல் அந்த நிழல் இன்னும் விலகவில்லை. படம் ஓடாதிருந்தால் அதன் பிழை கொட்டகையோடு போயிருக்கும். ஓடியதால் பிழை ஊரின் நினைவாயிற்று.

ஆகவே, வசூல் தரத்தின் சான்றிதழ் அன்று. அது ஒரு பொறுப்பின் அளவு. போர்ப்படத்தின் தரத்தை நாம் வேறு கேள்விகளால் அளக்க வேண்டும். எதிரிக்கு அது முகம் தந்ததா? மாண்டவர் எண்ணிக்கையாக நின்றனரா, மனிதராக நின்றனரா? வெற்றிக்குப் பின் எஞ்சியது என்ன என்று காட்டியதா? இக்கேள்விகளுக்கு ‘ஆம்’ என்னும் படம் நூறு நாள் ஓடினால் மகிழ்வோம். ஒரு வாரத்தில் எடுக்கப்பட்டால் அதை நினைவில் வைத்திருப்போம். பேசப்படாத படைப்பைப் பேசுவதும், பெரிதும் பேசப்பட்டதன் பிழையைச் சுட்டுவதும் நம்மைப் போன்ற சிறு வட்டங்கள் செய்யக்கூடிய பணி. அடுத்த பத்தாண்டிலும் அப்பணி தொடர்வதாக.